வீட்டுச் சாப்பாட்டு ஞாயிறு

அன்று மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் பூங்கோதை அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டாள். அந்தப் பாவமும் அவளுக்குச் சேர்ந்திருக்காது.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். யமுனை கரை புரளக் காத்திருந்த மழைக்காலம். லக்ஷ்மிபாய் நகர் நிறுத்தத்தில் பூங்கோதையும் அவள் தோழி ருக்குவும் வழக்கமான யூனிவர்சிட்டி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஏறினார்கள். இருவரும் பக்கத்துப் பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸ். இருவரும் பி.ஏ. ஹிஸ்டரி, கடைசி வருஷம். கடைசி வருஷத்துப் பெண்களுக்கு மூன்றாவது ஸீட் என்பது யூனிவர்சிட்டி பஸ்களில் எழுதாத சட்டம்.

மூன்றாவது ஸீட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மழித்த தலை. ஜன்னல் மூடாததால் அந்தத் தலையில் மழைத் துளிகள் உருண்டு கொண்டிருந்தன.

"பாரேன் ருக்கு... நம்ம ஸீட்ல ஒரு பளபளா மொட்டை!"

"ஷ்... காதுல விழப் போவுது."

"விழட்டுமே! தமிழ் தெரியவா போறது?"

டில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்களுக்கு இது ஒரு பெரிய வசதி. பக்கத்தில் நிற்பவரைப் பற்றி அவர் பக்கத்திலேயே நின்று பேசலாம். காய்கறிக்காரன், கண்டக்டர், பேராசிரியை... யாரையும் விட்டு வைப்பதில்லை.

"திருப்பதி லட்டு மிச்சம் இருக்கான்னு கேளேன்" என்றாள் பூங்கோதை. ருக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவன் எழுந்தான். புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஸீட்டை விட்டு வெளியே வந்தான்.

"உக்காருங்க" என்றான், சுத்தமான தமிழில். "லட்டு இல்லீங்க. திருப்பதிக்குப் போகலை. எங்கம்மா தவறி இன்னையோட இருபது நாள்."

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் அவளைக் கொன்றது. கண்களை ஒரு விநாடி நிமிர்த்திப் பார்த்தான். பெரிய, தூங்காத கண்கள்... பிறகு படிக்கட்டுக்குப் போய் மழையில் நின்றுகொண்டான்.

பூங்கோதை அந்த ஸீட்டில் உட்காரவில்லை. கல்லூரி வரும்வரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸாரி சொல்ல வாய் திறக்கவில்லை. இறங்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவன் குடையில்லாமல் இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் அவன் பஸ்ஸில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

*

மூன்று வாரம் கழித்து நூலகத்தில் புத்தகம் வாங்கும் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தான். தலையில் கரும்பச்சையாய் முடி துளிர்த்திருந்தது. பூங்கோதை மெல்லக் கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம்... நான் அன்னைக்கு..."

திரும்பினான். அடையாளம் கண்டுகொண்டான்.

"ஸாரி. தெரியாம பேசிட்டேன். தெரிஞ்சிருந்தாலும் பேசியிருக்கக் கூடாது. அம்மாவை இழந்தவர்கிட்ட போய்..."

 அவளுக்கே அழுகை வந்துவிட்டது. வரிசையில் நின்ற பஞ்சாபிப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"அய்யய்ய, விடுங்க. நீங்க அழுதா நான்தான் என்னமோ பண்ணிட்டேன்னு என்னைய ஒதைப்பானுவ."

அப்படித்தான் ஆரம்பித்தது. பெயர் ஜோதிலிங்கம். கோவில்பட்டிப் பக்கம். எம்.ஏ. எகனாமிக்ஸ் சேர இடம் கிடைத்த அதே வாரத்தில் தாய் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடித்த கையோடு ரயிலேறியிருந்தான். இரண்டொரு நாள் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, இப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தான். அதனால்தான் பஸ்ஸில் காணவில்லை.

வியாழக்கிழமைகளில் இரண்டு பேருக்கும் மத்தியானம் வகுப்பில்லை. வாசிப்பறையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். அவளுக்கு முகலாயர் வரிவிதிப்பு, அவனுக்கு ஐந்தாண்டுத் திட்டம். இரண்டும் ஒரே அளவு தூக்கம் வரவழைப்பவை என்பதில் கருத்து வேற்றுமையே இல்லை. தூக்கம் வந்தால் வெளியே டீக்கடை.

"பையா, கித்னா மணி?" என்று டீக்காரனிடம் நேரம் கேட்பான் ஜோதிலிங்கம். டீக்காரன் அதை 'மனி' என்று எடுத்துக்கொண்டு, "பச்சாஸ் பைஸே", ஐம்பது பைசா என்பான்.

"மணின்னா உங்க ஊர்ல! இங்க 'கித்னே பஜே'ன்னு கேக்கணும்."

"அச்சா... அச்சா..." என்று அவன் தலையாட்டும் விதத்தில் அவள் சிரித்துவிடுவாள். அவனும் சிரிப்பான். பாதியில் நிறுத்திவிடுவான். சிரித்தது தப்பு என்பது போல, தன்னை யாரோ பார்ப்பது போல... அந்தப் பாதிச் சிரிப்பை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று பூங்கோதைக்கு ஒரு வேகம் வந்தது. அதற்குப் பெயர் என்ன என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் தெரிந்துவிடுமே!

*

பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபரில் ஒரு ஞாயிறு எல்லாரும் லோதி தோட்டத்தில் கூடுவார்கள். வீட்டிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு விடுதிக்காரருக்குச் சாப்பாடு கொண்டு வர வேண்டும். யாருக்கு யார் என்பது முந்தின வாரம் சீட்டுக் குலுக்கி எடுப்பது. அதற்கு 'வீட்டுச் சாப்பாட்டு ஞாயிறு' என்று பெயர். மாதக்கணக்கில் ராஜ்மாவும் ரொட்டியும் தின்று நாக்குச் செத்தவர்களுக்கு அது பண்டிகை.

ஜோதிலிங்கத்தின் சீட்டு ருக்குவுக்கு விழுந்தது. பூங்கோதை ஒரு சினிமா டிக்கெட் கொடுத்து அதை மாற்றிக்கொண்டாள்.

"என்னடி விஷயம்?" என்றாள் ருக்கு.

"பிராயச்சித்தம்."

"அப்படியா... பிராயச்சித்தத்துக்கு ஏன் முகம் சிவக்குது?"

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அவளே சமைத்தாள். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம். பழைய கும்மட்டத்தின் நிழலில் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டான். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான்.

"நல்லாருக்கா?"

"ரொம்ப... ரொம்ப நல்லாருக்குங்க." சற்று நேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா போன பெறகு வீட்ல விளக்கேத்த ஆளில்லை. அய்யா தனியாக் கெடக்காரு. வடிவுன்னு... ஊர்ல என் கஸின் ஒருத்தி. அம்மா தவறின வருஷத்துக்குள்ள அவளை வீட்டுக்குக் கூட்டியாந்துரணும்னு எல்லாரும் ஒரே பிடியா சொல்றாக. இருபத்தேழாம் தேதி சாயங்கால வண்டிக்குத் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போறேன். போனதும் கேப்பாக. பதில் சொல்லியாகணும்." நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நீங்க என்ன சொல்றீங்க?"

இவ்வளவுதானா என்று இருந்தது பூங்கோதைக்கு. கூடவே, அவன் குடும்ப விஷயத்தில் தன்னிடம் யோசனை கேட்கிறானே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நல்ல விஷயம்தானே! கூட்டிட்டு வாங்க. பாவம், அப்பாவுக்கும் துணையா இருக்கும். நீங்களும் நிம்மதியாப் படிக்கலாம்."

அவன் முகத்தில் ஏதோ அணைந்தது.

"அப்ப... உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லை?"

"எனக்கென்ன? கங்கிராட்ஸ்!"

"சரிங்க" என்றான். டப்பாவைக் கழுவித் துடைத்து அவளிடம் நீட்டினான். "சாப்பாட்டுக்கு நன்றி."

அதற்கப்புறம் இரண்டு வியாழக்கிழமையும் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. விடுதிக்கு ஒரு சீட்டு அனுப்பலாம்... கையெழுத்து வரை எழுதிக் கிழித்துப் போட்டாள். ஒரு தடவை வரிசையில் நின்று அழுதாயிற்று. ஒவ்வொரு தடவையும் நானேவா போய் நிற்க வேண்டும்? கொஞ்சம் ரோஷம்தான். கொஞ்சமென்ன, நிறையவே ரோஷம்.

*

இருபத்தாறாம் தேதி சாயங்காலம். மறுநாள் முகலாயர் பேப்பரில் டெஸ்ட். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா லீலாவதி வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒருத்தர் கஸினை வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறேன்னு சொன்னா, கங்கிராட்ஸ் சொல்றது தப்பா?"

"என்னடி கேள்வி இது?"

"காலேஜ்ல தெரிஞ்சவர். அவரோட அம்மா தவறிட்டாங்க. வருஷத்துக்குள்ள கஸினை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு சொல்றாங்களாம். நல்லதுன்னேன். மூஞ்சி விழுந்துடுச்சு."

"என்ன கஸின்? சித்தப்பா பொண்ணா, மாமா பொண்ணா?"

"கஸின்னா கஸின்தானேம்மா. கீழ் வீட்டு குப்தா ஆன்ட்டி பையனுக்குக்கூட கஸின் வந்துதானே ராக்கி கட்டறா?"

லீலாவதி கீரையைக் கீழே வைத்தாள்.

"அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். நமக்கு அப்படியா? சித்தப்பா பொண்ணு தங்கச்சி. மாமா பொண்ணு கட்டிக்கிற முறை. தாய் செத்த வருஷத்துக்குள்ள தங்கச்சியையா கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க? கல்யாணம்டி அது! மக்கு..."

 பக்கத்தில் குக்கர் கத்தியது. 'நீங்க என்ன சொல்றீங்க?' என்று நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்கள்... யோசனையா கேட்டான்? உயிரைக் கையில் வைத்துக்கொண்டல்லவா கேட்டிருக்கிறான்! வாய் நிறையக் கங்கிராட்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறாளே பாவி!

லீலாவதி மகளின் முகத்தையே பார்த்தாள். 

"யாரு அந்தப் பையன்?"

 புத்தகத்தின் மேல் இரண்டு சொட்டுக் கண்ணீர் விழுந்தது.

"நாளைக்கு டெஸ்ட் முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா" என்றாள் லீலாவதி. குரலில் கடுமை இருந்தது, பயமும் இருந்தது.

*

ஐந்து கேள்விக்கு இரண்டு எழுதிவிட்டுப் பேப்பரைக் கொடுத்துவிட்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. பேராசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். பூங்கோதை வீட்டுக்குப் போகவில்லை. விடுதி வரை ஓடினாள்.

ஆண்கள் விடுதி வாசலில் காவல்காரர் தடிமனான ஒரு பதிவேட்டைத் திருப்பி வைத்தார். பெயர், யாரைப் பார்க்க, என்ன உறவு.

பேனா மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டது.

"கஸின் ஸிஸ்டர் லிக் தோ பேட்டீ" என்று காவல்காரர் இரக்கப்பட்டார். வருகிற பெண்கள் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்களாம்.

"நஹீன்!" என்றாள். அவர் பயந்தே போனார். "பூச்கர் லிகூங்கி."

கேட்டுவிட்டு எழுதுகிறாளாம்! அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு ஆளனுப்பினார்.

ஜோதிலிங்கம் வந்தான். தலை நிறைய முடி வளர்ந்திருந்தது. கண்கள் மட்டும் அன்று பஸ்ஸில் பார்த்த மாதிரியே தூங்காமல் இருந்தன. வேப்பமரத்தடி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

"டெஸ்ட் இல்லையா இன்னைக்கு?"

"எனக்குக் கஸின்னா தங்கச்சின்னுதான் தெரியும்" என்றாள் மூச்சு வாங்க. "இந்த ஊர்ல அப்படித்தான். வடிவு யாருன்னு நேத்து சாயங்காலம் அம்மா சொல்லித்தான் புரிஞ்சுது."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

"மாமன் மகள்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றான் விரல்களுக்கு உள்ளிருந்து. "டில்லிப் பொண்ணு, சிரிப்பீகன்னு நெனச்சு இங்கிலீஷ்ல சொன்னேன்."

"நான் கங்கிராட்ஸ் சொன்னேன்..."

"ஆமா. பன்னெண்டு நாளா அதேதான் காதுல கேட்டுக்கிட்டிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. விடுதிக்குள்ளே யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

"வடிவு எப்படி?" என்று கேட்டாள். கேட்கக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள்.

"நல்ல புள்ளை. எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப அவதான் பாத்துக்கிட்டா. எம்மேல ஆசை இருக்கா இல்லையான்னு அவளை யாரும் கேக்கலை. என்னையும் கேக்கலை." தரையைப் பார்த்தபடி பேசினான். "வேண்டாம்னு கடுதாசியில எழுதியிருக்கலாம். எழுத மனசு வரலை. அவ முகத்தைப் பாத்துச் சொல்லணும். அழுதா ஒக்காந்து கேக்கணும். அய்யா கையை ஓங்குவாரு, வாங்கிக்கணும். அது வரைக்கும் நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவகிட்ட முடிச்சுட்டு வந்துதான் பேசணும். அதுதான் முறை."

"நீங்க சொல்ல வேண்டாம்."

பூங்கோதை எழுந்து அவன் எதிரில் வந்து நின்றாள்.  துப்பட்டா நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றேன். எனக்கு உங்க வீட்ல எந்த முறையும் கிடையாது. எங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா என்ன ஆகும்னும் தெரியாது. நேரா வீட்டுக்கு வான்னு அம்மா சொன்னாங்க, அதை மீறிட்டு வந்து நிக்கறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களைத் தவிர வேற யாரையும் எனக்கு நினைக்கத் தெரியலை. வடிவு அழுது, உங்க மனசு மாறிட்டா... வந்து இல்லைன்னு சொல்லிடுங்க. தாங்கிக்கறேன். ஆனா தப்பாப் புரிஞ்சுக்கிட்டு நீங்க வண்டி ஏறினா, அதை என்னால தாங்க முடியாது."

சொல்லி முடித்ததும்தான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஜோதிலிங்கம் எழுந்தான். சொல்லக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நின்றான். நின்று பார்த்தான். முடியவில்லை.

"அழாதே, பூங்கோதை" என்றான். அதுவரை அவளை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நீ' என்றதும் இல்லை. அவன் கண்களும் நிறைந்துவிட்டன. "என்ன நடந்தாலும்... உன்கிட்ட மட்டும் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."