சேற்றுத் தேக்குக்கு எந்தச் செயின்?

தேர் பவனி முடிந்து கூட்டம் மாதா கோயிலுக்குத் திரும்பியபோது பின்புறம் கிடந்த தேக்கு மரத்தைக் காணோம். ஞாயிறு, மாலை 5.40.

மழையில் சாய்ந்த மரம். சில வாரமாகச் செஞ்சேற்றில் கிடந்தது. கோயிலுக்குப் புதுப் பெஞ்சு செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். பாண்டும் பட்டாசும் முழங்கிய நேரத்தில் யாரோ துண்டு போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். அந்தச் சத்தத்தில் ரம்ப மெஷின் என்ன, ரயிலே வந்திருந்தாலும் கேட்டிருக்காது.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் கிளெமென்ட்டின் கையைப் பிடித்திருந்தார். கோயிலில் மரம் அறுக்கிறவன் அவன். பவனிக்கு வராமல் காய்ச்சலோடு ஷெட்டில் படுத்திருந்தானாம். சாட்சி கிடையாது. ஸ்டேஷனுக்குப் போனால் வேலை போகும். வேலையோடு, கோயில் கொடுத்த அறையும் போகும்.

மூக்கை நுழைத்தவர் டாக்டர் மௌரீன். பல் டாக்டர். "தினமும் ரெண்டு வேளை விளக்குறேன்" என்பவர்களை வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, பொய்யை முகத்தில் தேடாமல் பல்லில் தேடப் பழகியவர்.

மரம் கிடந்த இடத்தில் குனிந்தார். மூன்று இடத்தில் அறுப்புத் தூள் குவிந்திருந்தது. மூன்றும் அவல் மாதிரி சீவல். மாவு எங்கும் இல்லை.

அடுத்து கிளெமென்ட்டின் ரம்ப மெஷின். அதில் சுற்றும் செயினில் ஒவ்வொரு பல்லின் முனையும் ஊசி. மேலே, நேற்று அறுத்த பலாவின் பால் கறுத்துக் காய்ந்திருந்தது.

"இது கூர்முனை செயின் டாக்டர். சுத்தமான மரத்துல சும்மா வழுக்கிட்டுப் போகும். சேறு பட்டா ஒரே அறுப்புல முனை போயிடும். அப்புறம் மாவுதான் கொட்டும்," என்றான் கிளெமென்ட்.

"அறுத்துட்டு அரம் போட்டுத் தீட்டியிருப்பான்," என்றார் ஜெயராஜ்.

"தீட்டினா இந்தப் பால் கறை எப்படி சார் நிக்கும்?" என்றார் மௌரீன்.

ஜெயராஜ் பிடித்த கையை விடவில்லை.

பின் கேட்டுக்கு வெளியே ராகேஷ் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து அபார்ட்மென்ட்டில் மரக்கிளை வெட்டும் காண்டிராக்டர். கிளைகளை ஏற்றிய அவன் டெம்போ பவனிக் கூட்டத்தில் சிக்கி நின்றது. கிளெமென்ட் சொன்னது சரிதானா என்று மௌரீன் அவனிடம் கேட்டார்.

"நிஜம்தான் மேடம். சேத்து மரத்துக்கு உருண்டை முனை செயின்தான் போடணும். ஸ்வல்ப மெதுவா அறுக்கும், ஆனா சீக்கிரம் மழுங்காது."

"நீங்க இன்னிக்கு என்ன அறுத்தீங்க?"

"சில்வர் ஓக். உச்சிக் கிளைங்க மட்டும். வேற எதையும் தொடல."

"மண்ணு படாத கிளை."

"ஆகாசத்துல ஏது மண்ணு?"

அவனுடைய மெஷின் டெம்போவின் ஓரத்தில் கிடந்தது. மௌரீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோயாளியைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். புதுச் செயின். எல்லாப் பல்லும் உருண்டை முனை.

"சார், ஆகாசத்துக் கிளைக்கு மெதுவா அறுக்கிற செயினை எதுக்கு மாட்டணும்? இவர் சேத்துல கிடந்த தேக்கைப் பார்த்துட்டு, அதுக்குன்னே வாங்கி மாட்டியிருக்கார். பவனி திரும்புறதுக்குள்ள முடிக்கணும், நடுவுல உட்கார்ந்து தீட்ட நேரமில்ல. அதான் கடைசி அறுப்பு வரைக்கும் அவலாவே விழுந்திருக்கு. கிளையை ஒதுக்கிப் பாருங்க."

கான்ஸ்டபிள் கிளைகளை இழுத்துப் போட்டார். அடியில் செஞ்சேறு பூசிய தேக்குத் துண்டுகள். தொழில் தெரியாதவனாக இருந்திருந்தால் ராகேஷ் தப்பித்திருப்பான்.

ஜெயராஜ் கை மாற்றி ராகேஷைப் பிடித்தார். விடுபட்ட கிளெமென்ட் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ராகேஷிடம் போனான். திட்டப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஏண்ணா, மரத்தைக் கழுவிட்டு உங்க பழைய செயின்லயே அறுத்திருக்கலாமே? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

ராகேஷ் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"கழுவத் தண்ணிக்கு எங்க போறது? இன்னிக்குக் குழாய்ல காவிரித் தண்ணி விடுற நாளா தம்பி?"

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அங்கிருந்த அத்தனை பேரும் அவன் பக்கம் தலையாட்டினார்கள், ஜெயராஜ் உட்பட.