இடது பின் இருக்கை

“பேட்டரியைக் கழட்டிச் சுவரோரமா வெச்சுட்டேன் மாப்ளே. அப்பவும் அந்தக் கார் தினம் ஆளை ஏத்தி இறக்குது. விடிஞ்சா யாரோ இறங்குறாங்க, மதியம் ஏறிக்கிறாங்க. இந்தக் கண்ணால பார்த்தேன்.”

அத்தான் இதைச் சொன்னபோது கார் வயரிங்காரருக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து சிரித்துச் சிரித்துத் தேய்ந்துபோன வாய் அது. பிரேக் பிடிக்காத லாரியை எதிரே நின்று தும்மியே நிறுத்தியவர் அத்தான். காதில் புகுந்த கொசுவை அதட்டி, அது மன்னிப்புக் கேட்ட பிறகே வெளியே விட்டவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் புளுகுக்கு முழு நேரமும் கிடைத்துவிட்டது. குடும்பமே அவரை ‘ஆகாசம்’ என்றுதான் கூப்பிட்டது. பட்டம் வாங்கியவர்போல அவரும் அதற்குத் தலைநிமிர்ந்து திரும்புவார்.

புளுகி முடித்ததும் ஒரு கண்ணைச் சிமிட்டுவார். அதுதான் அவர் வைக்கும் முற்றுப்புள்ளி. இன்று சிமிட்டவில்லை.

“நாளைக்கு உங்கக்கா அதுல ஏறக் கூடாது. நீ சொன்னாத்தான் கேப்பா. நான் சொன்னா எந்தக் கழுதை நம்பும்?”

அக்காவுக்கு மறுநாள் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போய், எதிரே நிற்பது தம்பியா தூணா என்று தடவிப் பார்த்தே தெரிந்துகொள்வாள். முதுகுவலிக்காரி வேறு. ஆஸ்பத்திரி தொலைவு, அத்தான் பழசாக வாங்கிப்போட்ட அந்தப் பெரிய காரின் மெத்தை இருக்கை இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

“அவர் கதையை விடு தம்பி,” என்றாள். “நீ பார்த்துட்டு வண்டி நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் ஏறிடுவேன்.”

வீட்டை ஒட்டிய ஷெட்டின் தகரக் கூரைமேல் மழை, யாரோ மூட்டை மூட்டையாக ஆணியைக் கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளம், வெடித்த தோல், பழைய எண்ணெய் எல்லாம் கலந்த வாடைக்கு அடியில், வெகுநேரம் பூட்டிக் கிடந்த அறையில் ஒருவர் தூங்கி எழுந்தாற்போல் ஒரு மூச்சு வாடையும் இருந்தது. ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் மட்டுமே சாய்ந்து போன கறுப்புக் கார், இடது பின்மூலை மட்டும் தரையை முட்ட, ஒரு பக்கமாகப் பதுங்கி நின்றது.

“இதுக்குப் பேரு பேய் இல்ல அத்தான், வயசு,” என்றார் வயரிங்காரர். “இதுல ஸ்ப்ரிங் கிடையாது, காத்துப் பை. ரப்பர் வெடிச்சா காத்து இறங்கும், வண்டி உக்காந்துடும். மேல கண்ணாடிக் கூரையில தண்ணி வடியுற ஓட்டை அடைச்சுக்கிச்சு. மழைத்தண்ணி மொத்தமும் கம்பளத்துக்குக் கீழ போயிடுச்சு. வண்டியோட மூளையே அங்கதான் இருக்கு. தண்ணி போட்ட மூளை உளறாம என்ன பண்ணும்? நீங்க போடாமலே உளறலையா?”

அத்தான் சிரிக்கவில்லை.

கம்பளத்தைத் தூக்கினால் ஒரு மீன் வளர்க்கலாம்போலத் தண்ணீர். வடித்து, பச்சை பூத்த கனெக்டர்களைச் சுரண்டி, ஊதிக் காயவைத்து, காற்றுப் பையையும் புதிதாக மாற்றி, பேட்டரியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினார். காற்று பம்ப் முனகியது. இடது மூலை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. டயருக்கு மேலே நாலு விரல் இடைவெளி. கச்சிதம்.

டிங். டிங். டிங்.

முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. இடது பின் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை.

திரும்பிப் பார்த்தார். வெறும் இருக்கை. ஆள் உட்கார்ந்ததைக் கண்டுபிடிக்க அடியில் இருக்கும் சென்சாருக்கும் தண்ணீர் போயிருக்கும் என்று அதன் வயரைக் கழற்றினார். டிங். டிங். ஃபியூஸைப் பிடுங்கினார். டிங்.

பிறகு இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைச் செய்தார். பெல்ட் போடப் பிடிக்காதவர்களுக்காக, ஒவ்வொரு வயரிங்காரர் பெட்டியிலும் ஒரு பெல்ட் நாக்கு கிடக்கும். நொறுங்கிய ஏதோ ஒரு காரிலிருந்து வெட்டி எடுத்த வெறும் உலோக முனை. அதைப் பூட்டில் செருகிவிட்டால் பெல்ட் போட்டாகிவிட்டது என்று வண்டி நம்பிவிடும்.

க்ளிக்.

சத்தம் நின்றது. மழையும் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது.

“என்ன பண்ணின?” என்றார் அத்தான், ஷெட் வாசலிலிருந்தே.

“உக்காந்திருக்கிறவரு பெல்ட் போட்டுட்டாருன்னு வண்டியை ஏமாத்திட்டேன்.”

அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டார். “தினம் இறங்கிப் போயிட்டாவது இருந்துச்சே மாப்ளே. இப்ப கட்டிப் போட்டுட்டியே.”

வயரிங்காரர் வாயைத் திறந்தார், ஒரு கேலிக்காக. இடது மூலை இறங்கிக்கொண்டிருந்தது. புதுப் பை. பிரிக்காத உறையிலிருந்து எடுத்துப் பூட்டிய பை. விரலை வைத்துப் பார்த்தார். மூன்று விரல். எஞ்சினை நிறுத்தினார். பேட்டரியைக் கழற்றிச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து பார்த்தார்.

இரண்டு விரல்.

இடது கதவைத் திறந்து, அந்த நாக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று பூட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழுந்தவில்லை. கட்டைவிரல் வெளுக்க அழுத்தினார். உலோகம் கதகதப்பாக இருந்தது, வெகுநேரம் கையில் வைத்திருந்த சாவிபோல.

ஸ்ஸ்ர்ர்ர்.

தலைக்கு மேலிருந்து பெல்ட் சுருள் பிரிந்து வந்தது. அவர் மணிக்கட்டை உரசிக்கொண்டு போனது. வெற்று இருக்கைக்குக் குறுக்கே நீண்டது. இறுகியது. இருக்கையைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில், எதன் மேலோ கிடப்பதுபோல் வளைந்து நின்றது.

மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது.

பின்னாலேயே நகர்ந்தார், முதுகு சுவரில் முட்டும் வரை. யாரும் தொடாமல் இடது கதவு தன்னை உள்ளிழுத்துச் சாத்திக்கொண்டது. மோட்டார் இழுக்கும் கதவுதான். ஆனால் பேட்டரி அவர் காலடியில் இருந்தது.

“சத்தம் நின்னுடுச்சே! சரியாயிடுச்சா தம்பி? உக்காந்து பாக்குறேன்.”

அக்கா. வீட்டுப் பக்கக் கதவு வழியாக வந்துவிட்டிருந்தாள். சுவரைத் தடவி, காரைத் தடவி, வலது பின்கதவைத் திறந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். கத்த வேண்டும். வயரிங்காரர் வேண்டாம் என்று கையைத்தான் ஆட்டினார், அவளுக்குத் தெரியாத கையை. வாசலில் அத்தானின் வாய் மட்டும் அசைந்தது.

“அப்பாடா, மெத்துன்னு இருக்கு,” என்றாள் அக்கா. பிறகு, “கொஞ்சம் தள்ளி உக்காருடா தம்பி. தோள் இடிக்குது.”

“அக்கா... நான் வெளியில இருக்கேன்.”

அவள் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. சிரித்தாள். “அப்ப இது யாரு? உங்கத்தானா? பேசாம உக்காந்திருக்காரு, அதிசயமா.” வழக்கம்போல் முகத்தைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

கை, காற்றில், ஒன்றுமே இல்லாத இடத்தில், எதன் மேலோ பட்டு நின்றது.

விரல்கள் தடவின. மேலே. கீழே.

சிரிப்பு போய்விட்டது.

வலது கதவும் தானாகச் சாத்திக்கொண்டது.

வயரிங்காரர் கைப்பிடியை இழுத்தார். ஜாக்கிக் கம்பியால் கண்ணாடியை அடித்தார். இரட்டைக் கண்ணாடி. கீறல்கூட விழவில்லை. அத்தான் தலையால் முட்டினார். உள்ளே புகைபோல் மூச்சு படர்ந்தது. அதற்குள்ளிருந்து அக்காவின் இரண்டு உள்ளங்கைகள் கண்ணாடியில் அழுந்தின. வழுக்கின. மறைந்தன.

மழை மட்டும்.

வலது மூலை இறங்கியது. மூன்று விரல். இரண்டு. இடதும் வலதும் ஒரே மட்டத்தில் நின்றன. கார் ஒருவழியாக நேராகிவிட்டது.

யாரும் துடைக்காமலே மூச்சு கலைந்தது.

இரண்டு பெல்ட்டுகள். இரண்டும் இழுத்து மாட்டப்பட்டு, வெற்று இருக்கைகளின் மேல், வளைந்து, இறுகி. ஒன்று உயரும்போது மற்றது தாழ்ந்தது. கீழே, ஈரக் கம்பளத்தில், அக்காவின் ஒற்றைச் செருப்பு.

“புளுகுன்னு சொல்லு மாப்ளே.” அத்தான் வயரிங்காரரின் காலருகே மண்டியிட்டிருந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் வழிந்தது, அவர் இமைக்கவில்லை. “உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். நான் சொன்னது மொத்தமும் புளுகுன்னு ஒரு தரம் சொல்லு.”

வயரிங்காரர் அந்த இரண்டு பெல்ட்டுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இல்ல அத்தான்,” என்றார். “நெசந்தான். நானும் பார்த்துட்டேன்.”