தொண்டைக்கு உரிய தண்ணீர்

ஒரு வருடமாக ஷஹாத்தாவின் லாரி தண்ணீர் கேட்கவில்லை.

கிஃப்ட்டிலிருந்து குசைர் துறைமுகம் போகும் பாலைவன மலைச்சாலையில் எல்லா லாரியும் ஓரிடத்திலாவது கொதித்து நிற்கும். இவன் வண்டியில் மட்டும் எப்போது மூடியைத் திறந்தாலும் ரேடியேட்டர் விளிம்புவரை நிறைந்திருக்கும். "வண்டியா வச்சிருக்கே, ஒட்டகம்டா அது!" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் கசியும்.

கிஃப்ட் ஊர் எல்லையில் மப்ரூக்காவின் டீக்கடை. பெருநாளின் இரண்டாம் நாள் என்பதால் வேறு வண்டி எதுவும் இல்லை.

"அஞ்சாவது கிளாஸ். வயித்துக்குள்ள மணலையா கொட்டி வச்சிருக்கே?"

"வெயில், அக்கா."

அவள் ஒரு தண்ணீர்க் கேனைத் தூக்கி அவன் பக்கத்து இருக்கையில் வைத்தாள். "நடுவழிப் பானையில ஊத்திடு தம்பி. போன பெருநாளுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு அங்க..."

"ஊத்திடறேன்."

அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "கடைசித் தண்ணிய எடுத்தது யாருன்னு தெரிஞ்சா போதும். சத்தியமா திட்ட மாட்டேன். 'நான்தான், மன்னிச்சிடுங்க'ன்னு ஒரு வார்த்தை. அவனுக்காகவும் சேர்த்து அல்லாஹ்கிட்ட கேட்பேன்."

அந்த ஒரு வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்தது. ஷஹாத்தா சாவியைத் திருகினான்.

"யாராவது வெளியூர்க்காரனா இருக்கும்க்கா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு காலத்தில் மலையில் கல் வெட்டுபவர்கள் நடந்த தடம் அது. பின்னால் ஹஜ்ஜுக்குக் கப்பலேற ஹாஜிகள் நடந்தார்கள். அவர்கள் கால் தேய்ந்த இடத்திலேதான் தார் ஊற்றினார்கள், அதனால்தான் சாலை இன்றும் ஒட்டகம் திரும்பிய இடத்திலெல்லாம் திரும்பி, மலையுச்சிகளில் சரிந்து நிற்கும் காவல் கோபுரங்களின் நிழலுக்குள் புகுந்து புகுந்து வெளியேறுகிறது. நடுவழியில் ஒரு கல்வளைவுக்குள் பெரிய மண்பானை. அந்தத் தண்ணீர் தொண்டைக்கு மட்டும். ஒட்டகத்துக்குக்கூடக் கிடையாது. எடுத்தவன் அடுத்தவனுக்கு மிச்சம் வைக்க வேண்டும்.

போன வருடம் அங்கேதான் இவன் வண்டி கொதித்தது. இவன் பானையைச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை ரேடியேட்டரில் ஊற்றினான். கிளம்பியபோது கண்ணாடியில் ஒருவன் தெரிந்தான். மப்ரூக்காவின் கணவன் கர்ரார். ஒட்டகத்தைத் தவறவிட்டு, தள்ளாடி, கையை ஆட்டிக்கொண்டு பானையை நோக்கி வந்துகொண்டிருந்தான். ஷஹாத்தா பார்த்தான். நிறுத்தவில்லை. பெருநாள் நாட்களில் வேறு வண்டி வரவில்லை. மூன்றாம் நாள், தோள்வரை கையைப் பானைக்குள் விட்டபடி கிடந்தவனைக் கண்டெடுத்தார்கள். துக்கம் கேட்க ஷஹாத்தாவும் போயிருந்தான்.

முதல் திருப்பத்திலேயே தாகம் எடுத்தது. தன் பாட்டிலைக் காலி செய்தான். நாக்கு நனையவில்லை. இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம், மாடு தொட்டியில் வாய் வைத்தாற்போல, நிதானமாக, மடக் மடக்கென்று. சூடான டீசல் வாடைக்கு நடுவே நனைந்த மண்பானையின் வாசனை. பக்கத்தில் கேன் தளும்பியது. ஒரு வாய் போதும் என்று நினைத்தான். ஒரு வாய் குடித்தான். இன்னொன்று. பானை கண்ணுக்குத் தெரிந்தபோது கேன் காலி.

தொண்டை காய்ந்தே இருந்தது.

பானை வியர்த்திருந்தது.

லாரியை நிறுத்தி இறங்கி ஓடினான். உள்ளே விளிம்புவரை தண்ணீர், அதில் வானம். இரண்டு கையாலும் அள்ளினான். கையில் புழுதி. மறுபடி அள்ளினான். புழுதி. முழங்கைவரை விட்டான். குளிர்ந்தது. தோள்வரை விட்டான். அடியில் ஐந்து விரல்கள் இருந்தன. அவன் விரல்களோடு மெல்லக் கோத்துக்கொண்டன, விடவில்லை.

"நான்தான்..." என்றான். கேட்க வேண்டியவள் கிஃப்ட்டில் இருந்தாள்.

பின்னால் லாரியின் கதவு சாத்தப்பட்டது.

இஞ்சின் உறுமியது. வண்டி அவனைத் தாண்டி மெல்ல நகர்ந்தது. அவன் மறு கையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் வெடித்த உதடுகளோடு அவன் முகமே அவனைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது.

லாரி நிற்கவில்லை. அது போன தடம் நெடுக, தாரின்மேல், ஈரம் சொட்டிக்கொண்டே போயிருந்தது.