எடுத்துக்காட்டுக் கயித்தான்

காலை பத்து மணிக்கு அமலோற்பவம் வழக்கம்போல் கயித்தானை மழையில் நிறுத்தினாள். பத்தேகாலுக்கு அவன் தட்டில் ஏழாவது இட்லியை வைத்தாள். பதினொன்றுக்குத் தேநீர் வந்தது. குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவனை ஊர்ப் பதிவிலிருந்தே நீக்கினாள்.

அவள் பொல்லாதவள் அல்ல. எறும்பு ஏறிய சர்க்கரை டப்பாவை வெயிலில் வைத்து, எறும்புகள் தாமாகக் கிளம்பும் வரை காத்திருப்பவள். வேலை தொடங்கும்முன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுக்கொள்ள ஒருநாளும் மறந்ததில்லை. ஆனால் கயித்தான் விஷயத்தில் அவளுக்குக் குற்ற உணர்வு எதுவும் கிடையாது. ஏனென்றால் கயித்தான் என்று ஒருவன் இல்லை.

தூத்துக்குடியின் கதவு, விளக்கு, வண்டி, குழாய் எல்லாம் அந்தக் காலத்தில் ஊர்மொழி என்ற நிரல்மொழியில் ஓடிக்கொண்டிருந்தன. எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும், பகுப்பி என்ற நிரல் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேர் மேலேயும் கிளை கீழேயுமாக ஒரு தலைகீழ் மரமாக ஆக்கிக்கொள்ளும். மரம் கிளைக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு கணு. நிபந்தனைக்கு ஒரு கணு, சுற்றுக்கு ஒரு கணு, அழைப்புக்கு ஒரு கணு என்று முந்நூற்றுப் பன்னிரண்டு வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பக்கம் உண்டு. கணுவின் பெயர், அதன் கீழ் எத்தனை கிளை வரலாம், அது என்ன செய்யும், கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு. அந்தப் பக்கங்களை எழுதும் கணு விளக்க அலுவலகத்தில் அமலோற்பவம் மூத்த எழுத்தர்.

எடுத்துக்காட்டில் உயிருள்ளவர் பெயர் வரக்கூடாது என்பது விதி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பெயர்ப் பதிவகம் தேடிப் பார்த்து, ‘கயித்தான் என்ற பெயரில் இவ்வூரில் எவரும் இலர்’ என்று முத்திரை வைத்துச் சான்று கொடுத்தது. அன்றிலிருந்து எல்லாப் பக்கத்திலும் அவன்தான் நின்றான், நடந்தான், விழுந்தான், காத்திருந்தான். ஒரு நாளும் முறையிட்டதில்லை.

மேசைத் திரையின் ஓரத்தில் பாதி எழுதிய கிறிஸ்துமஸ் கடிதம் ஒன்று திறந்து கிடந்தது. அண்ணன் மனைவி ஸ்தெல்லா மதினிக்கு. அம்மாவின் செபமாலை யாருக்கு என்ற தகராறில் மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒரு கடிதம் தவறாது போகும். ‘உங்களைப் பார்க்க வரவேண்டும் என்றுதான் நினைக்கிறேன், நேரம்தான் கிடைப்பதில்லை’ என்ற வரியும் அதில் தவறாது இருக்கும். மதினியின் வீடு இரண்டு தெரு தள்ளி.

அன்று புதன்கிழமை, நல்ல மழை. யாரோ கண்ணாடிக் கதவைக் கையால் தட்டினார்கள். அந்த ஊரில் கதவைக் கையால் தட்டும் வழக்கம் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஆறு எழுத்தர்களும் தலை தூக்கிப் பார்த்தார்கள். அமலோற்பவம்தான் எழுந்துபோய் அவசரப் பிடியை இழுத்துத் திறந்தாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒருவன் நின்றான். அவனுக்குப் பின்னால் பரிமாறும் வண்டி ஒன்று, மூடிய இட்லிக் கொப்பரையோடு.

“ஏன் தம்பி, கதவு தானா திறக்கலையா?”

“மழை நின்னாத்தான் திறப்பேன்னு சொல்லுதுக்கா. ஊர்ல எல்லாக் கதவும் இதையேதான் சொல்லுது. நான் வேல பாக்குத பேக்கரிக் கதவுகூட.”

“உங்க பேரு?”

“கயித்தான்.”

அமலோற்பவம் சிரித்துவிட்டு, தன் பக்கத்து மேசை எழுத்தரை நோக்கித் திரும்பினாள். “மீரான், இது உன் வேலைதான?”

“சத்தியமா இல்லக்கா,” என்றான் மீரான்.

வாசலில் இருந்த விளக்குக் கம்பம் அப்போது கணீரென்று கூப்பிட்டது. “கயித்தான். கயித்தான். கயித்தான்.”

“கேட்டியளா?” என்றான் வந்தவன். “எந்தக் கம்பத்தத் தாண்டுனாலும் மூணு தடவ கூப்புடுது. என்னன்னு கேட்டா, கூப்புட்டதோட என் வேல முடிஞ்சிதுங்குது.”

அமலோற்பவத்தின் சிரிப்பு நின்றது. அது அழைப்புக் கணு, பக்கம் நாற்பத்தொன்று. ‘கயித்தானைப் பெயர் சொல்லி மும்முறை அழை’ என்று எழுதியவள் அவளேதான்.

வண்டி ஒரு கையை நீட்டி, அவன் ஏந்தியிருந்த தட்டில் ஓர் இட்லியை வைத்தது. “போதும்,” என்றான் அவன். இன்னொன்று வைத்தது. “போதும்.” இன்னொன்று. “போதும்யா!” வண்டி கையை மடக்கிக்கொண்டது.

“மூணு தடவ சொன்னாத்தான் நிக்கும்க்கா. அதுவும் ஒரு மணி நேரத்துக்குத்தான். மொத நாளு பேக்கரி முதலாளிக்கு ஒரே சந்தோசம். வேலக்காரனுக்குச் சாப்பாடு அதுவா வருதேன்னாரு. இப்ப மக்ரூனுக்கு முட்டை அடிக்க விடாம இது குறுக்க நிக்குதுன்னு என்னையே வெளிய போகச் சொல்லுதாரு.”

அது சுற்றுக் கணு. ‘கயித்தான் போதும் என்னும் வரை இட்லி வை’ என்று எழுதி, ‘அவன் கூச்ச சுபாவம் உள்ளவன், முதல் இரண்டு போதும்களைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று சேர்த்திருந்தாள். மதினி வீட்டுப் பந்தியை நினைத்து எழுதியது. அன்று அலுவலகமே கைதட்டியது.

அந்த ஊருக்கு ஒரு சட்டம் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் குடிநீர் ஆலை ஒன்று மூன்று நாள் வீடு வீடாக உப்புத் தண்ணீரை அனுப்பியது. ஏன் என்று நிரலைப் படித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. மனிதருக்குப் புரியாத எதுவும் இனி ஓடக்கூடாது என்று அப்போது முடிவாயிற்று. விளக்கம் இல்லாத கணு வேலை செய்யாது, எடுத்துக்காட்டு இல்லாத விளக்கம் செல்லாது, நிரலும் விளக்கமும் முரண்பட்டால் விளக்கமே செல்லும். ஆகவே இயந்திரங்கள் அமலோற்பவத்தின் பக்கங்களை வேதம்போல் படித்தன. மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டு வெறும் மாதிரி. கயித்தான் என்ற பெயருள்ளவனுக்கோ அது நேரடிக் கட்டளை. மன்னார்க் கடலில் மிதக்கும் பாசிப் பண்ணையில் பிறந்து, நான்கு நாள் முன்பு பிழைப்புக்காகக் கரையேறிய ஒருவனைப் பற்றிப் பெயர்ப் பதிவகத்துக்கு எப்படித் தெரியும்?

‘மழை பெய்தால் கயித்தான் வெளியே நிற்பான்’ என்ற வரியை ஏன் எழுதினோம் என்று யோசித்தாள். அன்று அலுவலகத் தரையைத் துடைத்திருந்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

அப்புறம்தான், காலையில் பழைய பக்கங்களைப் புதிய பதிப்புக்குச் சரிபார்த்து முடித்ததும் ஒப்பமிட்ட புதுப் பக்கம் நினைவுக்கு வந்தது. நீக்கற் கணு. எடுத்துக்காட்டு: ‘கயித்தானை ஊர்ப் பதிவிலிருந்து நீக்கு.’ சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும். ஆறு மணி ஒரு நிமிடத்திலிருந்து இவனுக்கு வெயிலிலும் கதவு திறக்காது. குழாயில் தண்ணீர் வராது, வண்டி நிற்காது. கம்பங்கள்கூடக் கூப்பிடாது.

தலைமை அலுவலர் திரவியம் முழுக் கதையையும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. பேர மாத்திக்கிடச் சொல்லுங்க. ஒரே ஒரு படிவம்.”

“மாத்த முடியாது சார்,” என்றான் கயித்தான்.

“ஏன்? நல்ல பேரா நாலு பேரு நானே சொல்லுதேன்.”

“எங்க அம்மா பண்ணையில இருக்காக. எல்லாம் மறந்துட்டாக. அப்பா பேரு, ஊரு, சாப்பிட்டமா இல்லையா, ஒண்ணும் நெனப்பு கெடையாது. என் தங்கச்சியவே ‘ஏ புள்ள, நீ யாரு’ன்னு கேப்பாக. சாயந்தரம் அஞ்சு மணி ஆனா மட்டும் பேசிப் பெட்டிக்கு முன்னால போயி உக்காந்து ‘கயித்தான்’னுவாக. அது என் பேசியோட கோத்து வுடும். அந்த ஒரு பேருதான் மிச்சம் இருக்கு. நான் அத மாத்திட்டா அவுக யாரக் கூப்புடுவாக?”

திரவியம் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“பதிப்பத் தள்ளிவைக்கலாமே சார்,” என்றாள் அமலோற்பவம்.

“கடற்கரை ஊர் முழுக்க ஒரே நிமிஷத்துல மாறுது. எனக்காக நிப்பாட்டுவாங்களா?”

“அப்ப எடுத்துக்காட்ட மாத்துவோம்.”

“எந்தப் பேரப் போடுவிய? புதுப் பேருக்குச் சான்று வர நாப்பது நாள் ஆகும். பேரில்லாத எடுத்துக்காட்டு செல்லாது. எடுத்துக்காட்டு செல்லலைன்னா கணு ஓடாது. கணு ஓடலைன்னா ஊரே நிக்கும். யோசிச்சுப் பேசுங்கம்மா.”

அவள் யோசித்தாள். விதிப் புத்தகத்தை எடுத்து வரிவரியாக விரலை ஓட்டினாள். ‘உயிருள்ளவர் பெயரை அவர் சம்மதமின்றிப் பயன்படுத்தலாகாது.’ விரல் அங்கே நின்றது.

“சம்மதத்தோட போடலாம்ல சார்?”

“யாரு சம்மதிப்பா?”

“நான்,” என்றாள் அமலோற்பவம்.

உடனே உட்கார்ந்தாள். முதலில் நிபந்தனைக் கணு. ‘மழை பெய்தால் அமலோற்பவம்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மனிதனைக் கண்ணிமைக்காமல் மழையில் நிறுத்திய கை அது. இப்போது, இந்த மூட்டு வலியோடு, கார்த்திகை மழையில், அதுவும் வெளியே? ‘மழை பெய்தால் அமலோற்பவம் உள்ளே வருவாள். பெய்யாவிட்டாலும் உள்ளே வருவாள்’ என்று எழுதினாள்.

திரவியம் எட்டிப் பார்த்தார். “ரெண்டு கிளையும் ஒண்ணா இருந்தா அது என்ன நிபந்தனைம்மா?”

பெருமூச்சு விட்டு இரண்டாவது கிளையை மாற்றினாள். ‘பெய்யாவிட்டால், காற்று வாங்க வாசலில் உட்காரலாம்.’

சுற்றுக் கணுவில் ‘ஒரு முறை போதும் என்றாலே போதும்’ என்று எழுதினாள். அழைப்புக் கணுவில், ‘அழைத்தபின் என்ன வேண்டும் என்று கேள்’ என்று சேர்த்தாள். பக்கம் பக்கமாகப் பார்க்கப் பார்க்க, அந்த இல்லாத மனிதனை எத்தனை விதமாகப் படுத்தியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. ஒரு பக்கத்தில் அவனை ஒற்றைக் காலில் நிறுத்தியிருந்தாள். ‘நிலை மாறாமை’யை விளக்க.

வெள்ளிக்கிழமை மதியம் வரை நூறு பக்கம்தான் முடிந்தது. மீரான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்தான். “என் பேரையும் எடுத்துக்கிடுங்கக்கா. ஆனா நானே எழுதிக்கிடுவேன்.” அவன் எழுதிய முதல் எடுத்துக்காட்டு, ‘மீரான் களைத்தால் தேநீர் கொடு’ என்பது. அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கயித்தான் நன்றி சொல்ல மக்ரூன் பொட்டலத்தோடு வந்து, மழையில் வெளியே நின்றான். அமலோற்பவம் வேலையை விட்டு எழுந்துபோய், கையால் கதவைத் திறந்து அவனை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு முந்நூற்றுப் பதினொரு பக்கம் முடிந்திருந்தது. மிச்சம் நீக்கற் கணு. அதற்கு மட்டும் பெயர் கொடுக்க யாரும் வரவில்லை. மீரான் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான்.

திரவியம் தொண்டையைக் கனைத்தார். “என் பேரப் போடுங்க. எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ். கதவு திறக்கலைன்னா என் பொண்டாட்டி திறந்து விடுவா.”

பன்னிரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான் என்று அமலோற்பவம் நினைத்துக்கொண்டாள். பிறகு, அது உண்மையல்ல, நாம்தான் கவனிக்கவில்லையோ என்றும் தோன்றியது.

“வேண்டாம் சார். தப்பு என்னோடது.” கண்ணை மூடி ஒரு சின்னச் செபம் சொன்னாள். நீக்கற் கணு நீக்கத்தான் வேண்டும், அதில் பொய் எழுத முடியாது. ஆனால் எதை நீக்குவது என்பது எழுதுகிறவள் கையில் இருக்கிறது. ‘அமலோற்பவம் உண்மையில்லாத வரி ஒன்றை எழுதினால், அந்த வரியை நீக்கு. ஆளை விட்டுவிடு’ என்று எழுதி ஒப்பமிட்டாள். ஆறுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

ஆறு அடித்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே காத்திருந்த கயித்தான் தயங்கித் தயங்கி வெளியே போய், கதவை நோக்கித் திரும்பி நின்றான். கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் விலகியது. இட்லி வண்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாரோ பசித்தவரைத் தேடிப் போயிற்று. அவன் இடுப்பில் இருந்த பேசி மணியடித்தது. அன்று ஒரு மணி நேரம் பிந்திவிட்ட அம்மா. “கயித்தான்,” என்றது ஒரு முதிய குரல். இந்த முறை ஒரே ஒரு தடவை. “என்னம்மா வேணும்?” என்று கேட்டுக்கொண்டே அவன் நடந்துபோனான்.

எழுத்தர்கள் தம் பெயரிலேயே எடுத்துக்காட்டு எழுத வேண்டும் என்று திரவியம் அடுத்த வாரமே விதியாக்கினார். ஊர் இயந்திரங்கள் திடீரென்று ஏன் இவ்வளவு மரியாதையாக நடக்கின்றன என்று மக்களுக்குப் புரியவில்லை.

அமலோற்பவத்துக்குத்தான் ஒரு சிக்கல். திங்கட்கிழமை, மதினிக்கான கடிதத்தை முடிக்க உட்கார்ந்தாள். ‘நேரம்தான் கிடைப்பதில்லை’ என்று எழுதியதும் அந்த வரி திரையிலிருந்து மறைந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி மறைந்தது. அவளுடைய மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளும் போக்குவரத்தும் இயந்திரத்துக்குத் தெரியும். ‘மிகுந்த வேலை’ என்று எழுதிப் பார்த்தாள். அதுவும் போயிற்று. கடைசியில் ‘அன்புள்ள மதினி’ என்பது மட்டும் மிஞ்சியது. அது மறையவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கயித்தான் வேலை பார்க்கும் பேக்கரியில் மக்ரூன் வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு நடந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கதவு அவளைக் கண்டதும் திறந்தது. ஸ்தெல்லா மதினி சமையற்கட்டிலிருந்து வந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“என்ன, இப்பத்தான் வழி தெரிஞ்சிதாக்கும்?”

“தப்பு என் மேலதான் மதினி.”

“மேல தண்ணி சொட்டுது பாரு. உக்காரு, எல வைக்கேன்.”

சூடாக இட்லி விழுந்தது. நாலாவதில் அமலோற்பவம், “போதும் மதினி,” என்றாள். மதினி காதில் வாங்காமல் இன்னொன்று வைத்தாள். “போதும்.” இன்னொன்று.

மூன்றாவது ‘போதும்’ஐ அமலோற்பவம் சொல்லவில்லை.