வெள்ளிமலை போர்ட் சிமிட்டியது

ஷைனியின் திரையில் வெள்ளிமலை போர்ட்டின் பச்சைப் புள்ளி அணைந்து எரிந்தது. மறுபடியும் ஒருமுறை.

போர்ட் என்றால் வேறொன்றுமில்லை, கேபிள் செருகும் துளை. கள்ளக்குறிச்சி இன்டர்நெட் ஆபீசில் உட்கார்ந்து மலையூர்களில் வைத்திருக்கும் பெட்டிகளின் போர்ட்டுகள் நலமா என்று கவனிப்பது அவள் வேலை. பழுதானால் ஏறிப்போய்ச் சரிசெய்வது அவள் புருஷன் ராபினின் வேலை. மேலே செல்போன் எடுக்காது. அதனால் வேலை முடிந்ததும் கேபிளை இரண்டு தடவை பிடுங்கிச் செருகுவான். இவள் இங்கிருந்து போர்ட்டை ஒரு தடவை அணைத்துப் போடுவாள். ‘பார்த்துட்டேன், கிளம்பி வா’ என்று அர்த்தம். கல்யாணமானதிலிருந்து இதுதான் அவர்கள் கொஞ்சல்.

இன்றைக்கு ரொம்பச் சீக்கிரம் முடித்துவிட்டானே. சிரித்துக்கொண்டே அணைத்துப் போட்டாள்.

போன் அடித்தது. ராபின்.

"ஷைனி, பரிகத்துலயே நிக்கிறேன். ரோட்டுல மரம் வுழுந்து கெடக்குது. இன்னும் மலையே ஏறல."

"அப்போ மேல யாருங்க இருக்குறது?"

"யாரும் இல்லியே. ரூம் சாவி எங்கிட்டதான இருக்குது."

சாயங்கால மழை தகரக் கூரையில் கொட்டியது; சூடேறிய பேட்டரி வாசனையோடு எங்கிருந்தோ ஈர மண்ணும் அழுகிய இலையும் நாறின, மலையே ஆபீசுக்குள் வந்து மூச்சு விட்டதுபோல. கரியாலூர் புள்ளி அணைந்து எரிந்தது. இரண்டு தடவை. மலையிலிருந்து இறங்கும் வழி அது. அடுத்தது பரிகம். அங்கே ராபின்.

ஷைனிக்குப் பயத்தைவிடக் கோபம் ஜாஸ்தியாக வந்தது. "எம் புருஷன் மேல கைய வெச்சிப் பாரு" என்று பரிகம் போர்ட்டை முடக்கினாள். புள்ளி சிவந்தது.

"ஷைனி!" போனில் ராபின் கத்தினான். "ஏதோ ஈரமா என்ன ஒரசிக்கினு போச்சு. ஒண்ணும் கண்ணுல படல. நீ வூட்டுக்குப் போயிடு."

அவனை விட்டுவிட்டது. அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் உறைத்தது. கிளம்பி வா என்று கூப்பிட்டவள் அவள்தானே.

பரிகம் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்கு வரும் வழியில் கச்சிராயப்பாளையம். இரண்டு தடவை.

கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஓடினால் அது பின்னாலேயே வீடு வரைக்கும் வரும். வீட்டுக்கு ராபினும் வருவான். ஷைனி கதவை உள்ளே தாழிட்டாள்.

"வா. இங்கயே வா."

சுவரோரப் பெட்டியில் அவள் மேசைக்கு நேரே இருந்த போர்ட் சிமிட்டியது. கேபிளைப் பிடுங்கினாள். துளை காலி. விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

கையிலிருந்த கேபிளை யாரோ இழுத்தார்கள். கேபிள் வெளியே போகும் சுவர் ஓட்டைக்குள்ளிருந்து.

கேபிளை மணிக்கட்டில் சுற்றினாள். காலைச் சுவரில் ஊன்றினாள்.

"இன்னா, இழுக்கிறியா? நானும் இழுக்கிறேன்."

இழுத்தாள். செம்மண் ஒழுக ஒழுகக் கேபிள் வந்தது. அதைப் பிடித்தபடி ஒரு விரல் வந்தது. இன்னொரு விரல். ஓட்டை விரிந்தது.

ஷைனி பிடியை விடவில்லை.