மூச்சுத் துளை

அடுப்புத் திருகைச் சிம்மில் வைத்தும் தீ அடங்கவில்லை. சாம்பார்ச் சட்டியின் விளிம்பைத் தாண்டி, மஞ்சள் நுனியோடு நெட்டையாக எழுந்து நின்றது. கீதாஞ்சலி இன்னும் குறைத்தாள். அப்போதும் அது நின்ற உயரத்திலேயே நின்றது.

மறுபடியுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க இட்லிச் சட்டியோடு மல்லுக்கட்டியவளுக்கு இதுவும் ஒரு வேலை.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, மெயின் ரோட்டைப் பார்த்த வீடு அது. முன்னறையில் டிபன் கடை, நடுவில் படுக்கிற அறை, பின்னால் சமையற்கட்டு. கடைக்கான பெரிய சிலிண்டர் பின்சுவரோரம் வெளியே நிற்க, அதன் ரெகுலேட்டரிலிருந்து குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வந்தது. புருஷன் ஜான்சன் உப்பு லோடோடு சேலம் போயிருந்தான். நாலு வயது ஜான்சி இளைப்பு வந்து, மருந்து குடித்துவிட்டு, நடு அறையில் பாயில் தூங்கினாள். அவள் மூச்சு விசில் மாதிரி சமையற்கட்டு வரைக்கும் கேட்டது.

போன வாரமும் தீ இப்படித்தான் எகிறியது. கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்த பிறகு தட்சணாமூர்த்தி என்ற மெக்கானிக் வந்தான். ரெகுலேட்டரைப் பார்த்ததும் அவன் எரிந்து விழுந்தான்.

"ஏம்மா, இந்த ஓட்டய யாரு மெழுகு வச்சி அடச்சது? உள்ள ஒரு ரப்பர் இருக்குது. கேஸ் ஜாஸ்தியானா மேல ஏறி வழிய மூடும், கொறஞ்சா எறங்கித் தெறக்கும். அது ஏறி எறங்கணும்னா மேல காத்து போய் வரணும். மூச்சு விடுற ஓட்டைம்மா இது. அடச்சா சும்மா இருக்குமா?"

ரப்பர் கிழிந்தாலும் கேஸ் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும், அதனால்தான் ரெகுலேட்டரைத் திறந்த வெளியில் வைத்து, மழைநீர் ஏறாதபடி துளையைக் கீழே பார்க்கத் திருப்புவது என்றும் சொன்னான். வீட்டுக்குள் கசிந்தால் போச்சு. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையிலேயே படுத்துக்கிடக்கும். ஊசியால் மெழுகைக் குத்தி எடுத்துவிட்டுப் போனான். அடுத்த நாளே துளை மறுபடி அடைபட்டிருந்தது. கீதாஞ்சலி சுரண்டினாள். திரும்பவும் அடைபட்டது.

அவள் ஜான்சனுக்குப் போன் போட்டுக் கத்தினாள். அவன் அதைவிடக் கத்தினான்.

"நான் எதுக்குடி அடைக்கப் போறேன்? நான் வீட்டுலயா இருக்கேன்? எங்கக்கா இருந்தா அடச்சிருக்கும்."

அக்கா என்றால் சவரியம்மாள், கீதாஞ்சலியின் நாத்தனார். கல்யாணம் கட்டாமல் உப்பளத்திலேயே உழைத்து, இந்த வீட்டிலேயே இருமி இருமி, கோடையில் செத்துப்போனவள். உப்புக் காற்று எந்த ஓட்டையில் நுழைந்தாலும் அரித்துத் தின்றுவிடும் என்பது அவள் பயம். பூட்டுத் துவாரம், சுவிட்சுப் பெட்டி, ரேடியோ எல்லாவற்றையும் மெழுகால் அடைப்பாள். மெழுகுக்குச் செலவு கிடையாது. கல்லறைத் திருநாளன்று சமாதிகளில் எரிந்து மீந்த துண்டுகளைப் பொறுக்கி வருவாள். செத்தவர்களுக்கு ஏற்றியதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று கீதாஞ்சலி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். இந்த வருஷம் அவளே கொண்டுவந்தாள். ராத்திரிக்கு ராத்திரி கரண்ட் போகிறதே என்று, சவரியம்மாளின் சமாதியில் மீந்ததையே டப்பாவில் போட்டு எடுத்து வந்தாள். துளை அடைபட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அதை நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஊசியோடு பின்பக்கம் போனாள். பொழுது சாய்ந்து, உப்புப் பாத்திகளில் மழைத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. சேற்று வாடை அடித்தது. குனிந்து துளையைத் தொட்டாள். மெழுகு விரலோடு ஒட்டியது. அதில் பெருவிரல் அழுந்திய தடம் இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் குறுக்கே வெடித்த விரல். சவரியம்மாள் சாகும்வரை அந்த வெடிப்புக்குக் கீதாஞ்சலிதான் தினமும் எண்ணெய் தடவிவிட்டிருந்தாள்.

சிலிண்டரை மூட வேண்டும் என்று எழுந்தபோது உள்ளே ஜான்சி இருமினாள். அவ்வளவுதான், எல்லாம் மறந்து உள்ளே ஓடினாள். நாய் நுழையாமலிருக்கப் பின்கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டியது கைப்பழக்கம். குழந்தை புரண்டு படுத்துத் தூங்கியது. திரும்பிச் சமையற்கட்டுக்கு வரவும் கரண்ட் போனது.

இருட்டில் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று, அடுப்புக்குப் போகும் குழாயின் மூட்டிலிருந்து. அழுத்தம் தாங்காமல் வாய் பிளந்திருந்தது. கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது.

தீக்குச்சியைத் தொடாதே. சுவிட்சைத் தொடாதே. சிலிண்டரை மூடு. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆணியைத் தடவிச் சாவியை எடுத்துப் பின்கதவில் நுழைத்தாள். நுழையவில்லை. பூட்டுத் துவாரத்தில் மெழுகு. ஜன்னலைத் தள்ளினாள். சட்டத்தின் இடுக்கு முழுக்க மெழுகு.

அதுவும் சூடாக இருந்தது.

மெழுகு சூடாக இருந்தால் எங்கோ அதை உருக்குகிறார்கள். இந்த வீட்டுக்குள் எங்கோ ஒரு தீ எரிகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடிவிட வேண்டும்.

அப்போது நாற்றம் நின்றது.

சத்தம் நிற்கவில்லை. ஸ்ஸ்ஸ் என்று அது போய்க்கொண்டுதான் இருந்தது. நாற்றம் மட்டும் இல்லை. அவள் மூச்சை இழுத்தாள். வரவில்லை. கை தானாக மூக்குக்குப் போனது. வழவழவென்று இருந்தது. இளஞ்சூடு.

வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டு நடு அறைக்குத் தடுமாறினாள். கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம். உள்ளேயிருந்து ஜான்சியின் விசில் மூச்சு கேட்கவில்லை.

கதவைத் தள்ளினாள்.

ஜான்சி பாயில் மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. மூக்குத் துளை இரண்டும் வெள்ளையாக, நேர்த்தியாக அடைபட்டிருந்தன. இரண்டிலும் அந்த விரல் தடம். நெஞ்சு ஏறியது. இறங்கவில்லை. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. தலைமாட்டில், தரைக்குச் சற்று மேலே, யார் கையிலும் இல்லாமல் நின்ற மெழுகுவத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தீ மஞ்சள் நுனியோடு நெட்டையாக எழுந்து நின்றது.

மெழுகுவத்தி மெல்ல அவள் வாய்ப் பக்கம் சாய்ந்தது.