பார்த்தவள்

காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. மகன் சட்டை மாட்டும் நேரம் அது. பொத்தான் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், அன்றைய பொழுது பாழ்!

அன்றைக்குப் பொத்தானே இல்லை.

"ஊரான் சட்டையெல்லாம் தைக்கத் தெரியுது. கட்டினவனுக்கு ஒரு பொத்தான் வைக்கத் துப்பில்லையா?"

மருமகள் தையற்கூடத்தில் துணி வெட்டும் வேலை பார்ப்பவள். "கழட்டிக் கொடுங்க, ரெண்டு நிமிஷத்துல வெச்சுத் தரேன்" என்று கையை நீட்டினாள்.

"ரெண்டு நிமிஷமாம்! அதுவரைக்கும் மருந்துக்கடையை யாரு திறப்பா, உங்க அப்பனா?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமனார் எடுத்துக் கொடுத்தார். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் அவருக்குப் பரிசோதிக்க வீட்டுப் பெண்கள்தான் மிச்சம்.

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். நீட்டிய கையை மகன் பற்றியதை, முறுக்கியதை, கதவு நிலையில் மோதும்படி தள்ளியதை. ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். அதற்கப்புறம் மருமகள் போட்ட அலறல்தான் பெரிது.

மகனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "வழுக்கி விழுந்துட்டா..." என்றான், யாரையும் பார்க்காமல்.

"பின்னே? தரையெல்லாம் தண்ணியைக் கொட்டி வெச்சா விழாம என்ன பண்ணுவா?" என்றார் அப்பா.

அரை நிமிஷத்தில் கதை தயார். தரையில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

"என்ன மக்கு, நீயும்தானே பார்த்தே?"

கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கு வைத்த பெயர் அது. அவள் தலையாட்டினாள்.

அவள் தலைக்கு அது பழகிப்போன வேலை. எட்டு வயதில் மகன் ரேடியோவை உடைத்தபோது, "நான்தாங்க கை தவறி..." என்று முன்னால் போய் நின்றாள். அவளுக்கு அடி விழுந்தது. கதவுக்குப் பின்னால் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான். அடுத்த தடவை அவன் அழவில்லை. அதற்கடுத்த தடவை, "அம்மாதான் உடைச்சா" என்று அவனே விரலை நீட்டினான். என் பிள்ளை தப்பித்துக்கொண்டான் என்று அன்றைக்கு அவள் மனசு குளிர்ந்தது!

புருஷன் கைபட்டு முன்பல் போனபோது, குழாயில் இடித்துக்கொண்டதாகப் பல் டாக்டரிடம் சொன்னாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டான்.

போன வருஷம், கல்யாணமாகி மூன்றே மாதத்தில், அவன் மருமகளைக் கன்னத்தில் அறைந்தான். பெண்ணின் அண்ணன் ஓடி வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா, இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினான். "நான் அடுப்புக்கிட்ட இருந்தேன்ப்பா... பார்க்கலை" என்றாள். அன்றைக்கு அறுந்த பேச்சுதான். மருமகளுக்கு அவள் 'அவரோட அம்மா' ஆகிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் நர்சுகள், "அடடே, நம்ம மருந்துக்கடைத் தம்பி!" என்று நாற்காலி போட்டார்கள். மகன் பணிவாகச் சிரித்தான். வெளியில் அவனைப் போலத் தங்கமானவன் கிடையாது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "விழுந்தா இப்படி உடையாதே. முறுக்கினாத்தான் இப்படி ஆகும். யாரு பார்த்தது?"

"அம்மா கூடவே இருந்தாங்க டாக்டர். சொல்லும்மா."

மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கெஞ்சுகிற பார்வை ஒன்று வந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இவளிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் முடிவு கட்டியிருந்தாள். அதுதான் நெஞ்சை அறுத்தது.

"விழல..."

"என்னம்மா? சத்தமா சொல்லுங்க."

"அவ விழல டாக்டர்! என் பையன்தான் கையை முறுக்கித் தள்ளினான். என் கண்ணால பார்த்தேன். போன வருஷம் அறைஞ்சதையும் பார்த்தேன். பார்க்கலைன்னு பொய் சொன்னேன்!"

மகன் பதறிப்போய்ச் சிரித்தான். "டாக்டர், இவங்களுக்கு மூளை கொஞ்சம் அப்படித்தான்... வீட்டுல மக்குன்னுதான் கூப்பிடுவோம்..."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா தொலைபேசியை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டதும் அவன் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுக்கறியே! எனக்காக அப்பாகிட்ட அத்தனை அடி வாங்கினவ நீதானேம்மா? இன்னைக்கு என்ன ஆச்சு உனக்கு?"

"வாங்கினேன்டா! உன் தப்புக்கெல்லாம் என் முதுகைக் காட்டினேன். வலியை யாரோ ஒருத்தி வாங்கிப்பான்னு நீ பழகிட்டே. அதைத் தியாகம்னு நெனச்சு இத்தனை வருஷம் பூரிச்சுப் போயிருந்தேன் பாரு... அப்பா சொன்ன மக்கு நான்தான்!"

போலீஸ் வந்ததும் அவள் நடந்ததை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். போலீஸ்காரர்கள் அழைத்துப் போகும்போது மகன் திரும்பிப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்து புருஷன் போனில் கத்தினார். "இனிமே இந்த வாசப்படி ஏறினே, காலை ஒடிச்சுடுவேன்!" "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கட்டுப் போட்ட கையோடு மருமகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாமியாரைக் கண்டதும் வெடித்தாள்.

"போன வருஷம் இதைச் சொல்லியிருந்தா என் கை முழுசா இருந்திருக்கும்!"

"ஆமாம்மா."

"எங்க அண்ணன் உங்க கால்ல விழாத குறையாக் கேட்டாரே... கல்லு மாதிரி நின்னீங்களே!"

"ஆமாம்மா... நின்னேன்."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு இனிமே கத்திரிக்கோல் பிடிக்க முடியுமா? சொல்லுங்க!"

இருவரும் அழுதார்கள், தனித்தனியாக. மருமகளின் முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்து ஈரத்தில் ஒட்டியது. ஒற்றைக் கையால் அள்ள முயன்று தோற்றாள்.

"கட்டி விடட்டுமா?"

மருமகள் யோசித்தாள். பிறகு மெல்ல முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். மாமியார் சிக்கெடுத்துப் பின்ன ஆரம்பித்தாள்.

"இனி எங்க போவீங்க அத்தை?"

அத்தை! ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறாள். "தெரியலம்மா" என்றாள்.

"அண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு. அவர் வீட்டுல இடமிருக்கு. ஆனா உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீங்களேதான் அவர்கிட்ட சொல்லணும்."

வராந்தாவின் கோடியில் அண்ணன் வேகமாக வந்துகொண்டிருந்தான். தங்கையின் மாமியாரைக் கண்டதும் முகம் கறுத்து நின்றுவிட்டான். அவள் பின்னலை முடிந்துவிட்டு எழுந்து, அவனை நோக்கித் தானே நடந்தாள்.

"அன்னைக்கு நான் பார்த்தேன்ப்பா..."